படலை கொளுவாத வீடு

அந்த அம்மா முதன்முதலில் என்னிடம் வந்தது தலையிடிக்காக. வைத்தியசாலையில் எல்லாப் பரிசோதனைகளையும் செய்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றும், பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் இங்கே போய்க் கதைத்துப் பார்க்கச் சொன்னது என்றும் கதிரையின் நுனியில் இருந்தபடி சொன்னார். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் கிளினிக் கொப்பி, கொப்பிக்குள் ஓரம் மடிந்த ஒரு புகைப்படம். புகைப்படத்தைக் கண்டவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். 2009 க்குப் பிறகு வடக்கில் இந்த வேலையைச் செய்யும் எவருக்கும் அப்படியொரு புகைப்படத்தின் பொருள் தெரியும். ஆகவே பத்து நிமிடங்கூடக் கேட்காமல், மனதைத் தளரவிடக் கூடாது, மற்றப் பிள்ளைகளுக்காகவேனும் திடமாக இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் வந்தால் மனம் ஆறும், இரவில் தேநீர் குடிப்பதைக் குறைத்தால் நித்திரை வரும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஓம் பிள்ளை, ஓம்" என்று தலையாட்டினார். எழும்பிப் போகும்போது என் கையைப் பிடித்து நன்றியும் சொன்னார். அதன் பிறகு எட்டு மாதங்கள் அவர் வரவேயில்லை.

அந்த நன்றி என்னைச் சில நாட்கள் ஏமாற்றியது. நல்லதைச் சொன்னோம், அவரும் கேட்டுக்கொண்டார் என்ற நிறைவோடு இருந்தேன். புத்தி சொல்பவருக்கு முன்னால் எதிர்த்துக் கதைக்காமல் தலையாட்டுவது நம்மவர்களிடம் உள்ள மரியாதை என்பதையும், அந்தத் தலையாட்டலுக்குள் அவர் தன்னுடைய துயரத்தை மறுபடி பொலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போனார் என்பதையும் நான் பிறகுதான் உணர்ந்தேன். (இந்தக் கட்டுரையில் வரும் எவரும் அடையாளம் காணப்படக் கூடாது என்பதற்காக ஊர், காலம், குடும்ப விபரங்கள் ஆகியவற்றை மாற்றியும் கலந்தும் எழுதியிருக்கிறேன். சொற்களை மாத்திரம், அவர்களின் அனுமதியோடு, மாற்றாமல் விட்டிருக்கிறேன்.)

இலங்கைத் தமிழில் இந்தத் துறைக்கு உளவளத்துணை என்று பெயர். தமிழகத்தில் மனநல ஆலோசனை என்பார்கள். பாடசாலையில் நான் வகித்த பதவியின் பெயரிலும் வழிகாட்டல், ஆலோசனை என்ற சொற்களே இருந்தன. ஆலோசனை என்றால் ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்பார். துணை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறொரு வாழ்க்கை இருக்கிறது. வைத்தியசாலையில் நோயாளிக்குத் துணைக்கு நிற்போம். ஆண்கள் இல்லாத வீட்டுக்கு இரவில் துணைக்குப் படுக்கப் போவோம். பெண்பிள்ளை பின்னேர வகுப்பு முடிந்து வரும்போது சந்திவரை துணைக்குப் போய் நிற்போம். துணைக்குப் படுக்க வருகிற பெரியம்மா அந்த வீட்டில் எதையும் திருத்துவதற்கு வருவதில்லை. பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். நடுச்சாமத்தில் நாய் குரைத்தால் "ஒண்டுமில்லை, நான் முழிச்சுத்தான் இருக்கிறன்" என்று ஒரு குரல் கொடுப்பார். நம்மிடம் உதவி நாடி வருபவரைத் துணைநாடி என்று அழைக்கத் தொடங்கியவர்கள் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் அந்தச் சொல்லை ஆக்கினார்களா என்பது தெரியாது. ஆனால் ஒரு நல்ல உளவளத்துணையாளரின் தகைமைகள் எவை என்று யாராவது என்னைக் கேட்டால் நான் அந்தப் பெரியம்மாவிடமிருந்துதான் தொடங்குவேன்.

ஆசிரியராக இருந்து இந்தப் பணிக்கு வந்த எனக்கு மிகக் கடினமாக இருந்த பாடம், தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது. இருபது வருடங்களுக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்களுக்கு, எதிரில் இருப்பவர் ஒரு கேள்வியோடு வந்தால் விடை கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது உடம்பில் ஊறிய பழக்கம். அது அன்பில்லாத பழக்கம் என்று நான் சொல்லமாட்டேன். எதிரிலிருப்பவர் படும் வேதனையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத அன்பிலிருந்துதான் பெரும்பாலான புத்திமதிகள் பிறக்கின்றன. ஆனால் அதற்குள் ஒரு சுயநலமும் இருக்கிறது. அவருடைய வேதனை என்னைத் தொந்தரவு செய்கிறது. நான் ஏதாவது சொல்லிவிட்டால் எனக்கு ஆறுதல் கிடைக்கிறது. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு நான் சொன்னவற்றில் பாதிக்கு மேல் என்னை நானே ஆற்றிக்கொள்ளச் சொன்னவை.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் தம் வாழ்வில் நிகழ்ந்த ஒரு தோல்வியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் இளம் வயதில் நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில் சிறுவர்களுக்கான நிலையம் ஒன்றில் பணியாற்றியபோது, குழப்படிகாரனான ஒரு பையனின் தாய் அவரிடம் வந்துபோனார். தாய் பிள்ளையை அவனுடைய சிறுவயதில் ஒதுக்கியதுதான் சிக்கலின் வேர் என்று ரொஜர்ஸ் முடிவு செய்து, அதை அவருக்கு மெதுவாக, நயமாக, பல தடவைகள் விளக்கிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. இருவரும் முயன்றுவிட்டோம், இனி நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர் சொல்ல, அந்தத் தாயும் ஒப்புக்கொண்டு விடைபெற்றார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, இங்கே பெரியவர்களுக்கும் உளவளத்துணை வழங்குவீர்களா என்று கேட்டார். ஆம் என்றதும் திரும்பி வந்து இருந்து, தன் மணவாழ்வின் துயரங்களைக் கொட்டத் தொடங்கினார். அதுவரை நடந்த சந்திப்புகளில் ரொஜர்ஸ் எழுதி வைத்திருந்த மகனின் வரலாற்றுக்கும் அவர் இப்போது சொன்னதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. எது வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்பது துணைநாடிக்கே தெரியும் என்பதை அந்தத் தாயிடம்தான் கற்றதாக அவர் குறிப்பிடுகிறார். 1957 இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துச் சொன்ன பண்புகளைத்தான் இன்றைக்கும் நமது பயிற்சி வகுப்புகளில் முதலில் படிப்பிக்கிறார்கள்: துணைநாடியின் உலகத்தை அவருடைய கண்ணால் காணும் ஒத்துணர்வு, நிபந்தனை வைக்காத மதிப்பு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டாத மெய்மை. பயிற்சியில் இவற்றை நானும் எழுதிப் பாடமாக்கிப் புள்ளிகள் வாங்கினேன். வாசலில் நின்று திரும்பிக் கேட்ட அந்தத் தாயின் கதை, என்னிடம் திரும்பி வராத அம்மாவை நினைவூட்டிய பிறகுதான் அந்தச் சொற்களுக்கு எடை வந்தது.

எட்டு மாதங்களின் பின் அவர் வந்தார். இம்முறையும் தலையிடிதான். நான் எதையும் சொல்வதில்லை என்ற தீர்மானத்தோடு இருந்தேன்.

"இரவில நித்திரையே வராது பிள்ளை."

"நித்திரை வராம இருக்கேக்க என்ன செய்வியள் அம்மா?"

"படலையைப் பாத்துக்கொண்டு விறாந்தையில இருப்பன்."

முன்பு நான் இந்த இடத்தில் குறுக்கே போயிருப்பேன். அன்றைக்கு, "படலையைப் பாத்துக்கொண்டு..." என்று அவருடைய சொல்லையே திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். நெடுநேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் படலை கொளுவுறேல்லை. அவன் இரவில வந்தா, கொளுவிக் கிடந்தா, அம்மா படுத்திட்டா எண்டு திரும்பிப் போயிடுவான். சின்னனிலையே அவனுக்கு என்னை எழுப்பிறது விருப்பமில்லை" என்றார். அவருடைய தலையிடியின் கதை முழுவதும் அந்தப் படலைச் சங்கிலியில் இருந்தது. கள்ளர் பயத்தில் மருமகன் படலைக்குப் பூட்டு வாங்கி வந்திருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. சண்டை வந்த நாளிலிருந்து தலையிடி. முதல் தடவை நான் வாய் மூடிக் கேட்டிருந்தால் எட்டு மாதங்களுக்கு முன்பே இது வெளியே வந்திருக்கும்.

துணைநாடி சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல், சாரத்தைத் தொகுத்துச் சொல்லுதல், உணர்வைப் பிரதிபலித்தல் என்று பாடநூல்கள் திறன்களை வகைப்படுத்துகின்றன. புதிதாகப் பயிற்சி பெற்றவர்கள் இவற்றை இயந்திரம் போலச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். "நீங்கள் கவலையாக இருக்கிறீர்கள் என்று சொல்கிறீர்கள்" என்று பாடநூல் தமிழில் ஒரு வயோதிப மாதுவிடம் சொன்னால் அவர் பேந்தப் பேந்த விழிப்பார். எங்கள் மக்கள் துயரத்தை உடம்பின் மொழியில் சொல்பவர்கள். நெஞ்சு அடைக்குது, தலை விறைக்குது, கைகால் உளையுது, ஒரே யோசனையாய்க் கிடக்குது, பெருமூச்சு வருகுது என்பார்கள். பெருமூச்சு என்று அவர் சொன்னால் நாமும் பெருமூச்சு என்றே சொல்ல வேண்டும். அதை மனச்சோர்வு என்று மொழிபெயர்த்துக் கொடுக்கக் கூடாது. பெயர் வைப்பதற்கு வைத்தியர் இருக்கிறார். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கூடவே போய்ப் பார்ப்பது நமது வேலை.

அந்த அம்மாவிடம் நான் கற்ற இன்னொன்றை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கண்டதில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு கதைக்கும்போது வினைச்சொல்லின் காலத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். "அவனுக்குப் புட்டும் மாம்பழமும் விருப்பம்" என்று அவர் சொன்னார். தமிழில் அந்த வாக்கியத்துக்கு வினை தேவையில்லை. அதனால் அவன் இருக்கிறானா இல்லையா என்று அந்த வாக்கியம் எவரையும் கேட்பதுமில்லை. நான் அதைத் திருப்பிச் சொல்லும்போது, "அவருக்குப் புட்டு விருப்பமா இருந்ததோ?" என்று ஒரு சின்ன 'இருந்தது' சேர்த்திருந்தால், அந்தப் பிள்ளையை அந்த அறையில் வைத்து நானே கொன்றவளாவேன். மறுபுறத்தில், "கட்டாயம் வருவான் அம்மா, யோசிக்காதேங்கோ" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பவுலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். இழப்பு உண்டு, ஆனால் அதை முடித்துவைக்கும் சான்று எதுவும் இல்லை. எட்டுச் செலவும் அந்தியேட்டியும் இல்லை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் பிதிர்க்கடன் செய்வதா விடுவதா என்பதற்கு விடையில்லை. மனைவி என்றால் பொட்டு வைப்பதா அழிப்பதா என்று ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கேள்வி. காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேறியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது பதில். பதில் தர வேண்டியவர்கள் தராமல் இருக்கும்போது, உளவளத்துணையாளர் அந்தப் பதிலைத் தானே தயாரித்துக் கொடுத்து, இனி ஏற்றுக்கொண்டு ஆறுங்கள் என்று சொல்வது பெரிய அநியாயம். இருக்கிறான் என்பதும் இல்லை என்பதும் ஒரே நெஞ்சில் ஒன்றாக இருக்க இடம் கொடுத்து, அந்த நெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பது மாத்திரமே நம்மால் முடிந்தது. அது சிறிய காரியம் இல்லை.

பக்கத்தில் இருப்பது என்றேன். மௌனத்தை எப்படித் தாங்குவது என்பதைப் பயிற்சி வகுப்பில் கடிகாரம் வைத்துப் பழக்குவார்கள். ஆனால் செத்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது புதிது இல்லை. செத்த வீட்டுக்கு வந்து ஆறுதல் வார்த்தைகள் அடுக்குபவர்கள் பலர். எல்லோரும் போன பின் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்து, ஒரு கோப்பையைப் பறிகொடுத்தவளின் கையில் வைத்து, எதுவும் கேட்காமல் தோள் முட்ட இருப்பவள் ஒருத்தி எப்போதும் இருப்பாள். அவளிடம் உள்ளதை நாம் அறைக்குள் கொண்டுவரத் தெரிந்தால் போதும். மௌனத்தின்போது துணையாளர் பேனையை உருட்டிக்கொண்டோ கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டோ இருந்தால் அது வெறுமை. துணைநாடியோடு சேர்ந்து அந்த மௌனத்துக்குள் இருந்தால் அது கதைப்பதற்குச் சமம்.

கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரம் 10 இல் படித்த ஒரு பையன் திங்கட்கிழமைகளில் மாத்திரம் பாடசாலைக்கு வருவதில்லை. வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், ஒழுக்காற்று ஆசிரியர் எல்லோரும் அவனைக் கேட்டுவிட்டார்கள்: ஏன் வரேல்லை? எங்கள் பாடசாலைகளில் 'ஏன்' என்பது ஒரு கேள்வி இல்லை, அது ஒரு குற்றப்பத்திரிகை. அதற்குப் பிள்ளைகளிடம் இருக்கும் ஒரே விடை, தலையைக் குனிவது. என்னிடம் அனுப்பப்பட்டபோதும் அவன் குனிந்த தலை நிமிராமல், கணிதக் கொப்பியின் மூலைகளை ஒவ்வொன்றாக மடித்து, மறுபடி நிமிர்த்தி, மறுபடி மடித்துக்கொண்டிருந்தான். அரை மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே போனது. நான் கதிரையைச் சற்றுச் சாய்வாகப் போட்டு, அவனுடைய கொப்பியையே நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்: "திங்கட்கிழமை காலைமை உங்கட வீட்டில என்ன நடக்கும் தம்பி?" கொப்பி மடிப்பது நின்றது. "லோன் காசு கேக்க ஆள் வரும் ரீச்சர். காசு குடுக்காட்டி அவர் போகமாட்டார். அம்மா தனிய." தகப்பன் வீட்டில் இல்லை. நுண்கடன் வாங்கிய வீடுகளில் வசூலிக்க வருபவர் மணிக்கணக்காக முற்றத்தில் குந்தியிருப்பது இந்தப் பக்கங்களில் புதிதல்ல. அவன் பாடசாலைக்குக் கள்ளம் அடிக்கவில்லை. பதினைந்து வயதில் தன் தாய்க்குத் துணைக்கு நின்றிருக்கிறான்.

இந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது உளவளத்துணை மட்டுமா என்று கேட்டால் இல்லை என்பதே நேர்மையான விடை. கடனை மீளச் செலுத்தும் ஒழுங்கை மாற்றிப் பேச ஒருவர் வேண்டும், பிரதேச செயலகத்தில் யாரைக் காணலாம் என்பது தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்று மூன்று செயல்களைச் சொல்கிறது. கேட்பதோடு நின்றுவிட்டு, பசிக்கும் கடனுக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பவர்கள் மூன்றாவதை மறந்தவர்கள். அந்த வழிகாட்டி வருவதற்கு முன்பே, 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு வடமராட்சி கிழக்கிலிருந்து வந்த மக்கள் தங்கியிருந்த ஒரு முகாமில், நல்ல மனதோடு வந்த ஒரு குழுவினர் பிள்ளைகளிடம் கடல் வந்த காட்சியைக் கீறச் சொன்னார்கள். அடுத்த கிழமை வந்த இன்னொரு குழுவும் அதையே கீறச் சொன்னது. ஒரு சிறுமி மூன்றாம் தடவை தாளை வாங்காமல், "நான் கீறிக் குடுத்திட்டன்" என்று சொல்லி நகர்ந்தாள். சொல்லத் தயாரில்லாதவரைச் சொல்ல வைப்பது உதவி ஆகாது என்று இன்று அந்த வழிகாட்டியே அழுத்திச் சொல்கிறது.

இனி, இங்கே மிகக் கடினமான விடயத்துக்கு வருகிறேன்: இரகசியம். பெரிய நகரங்களுக்காக எழுதப்பட்ட நெறிகள் இரகசியம் காத்தலை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. யாழ்ப்பாணத்தில் ஒருவர் யாருடைய படலைக்குள் போகிறார் என்பது அவர் உள்ளே போவதற்கு முன்பே அயலுக்குத் தெரிந்துவிடும். என்னிடம் வரும் பெண்ணின் மாமியார் என் தாயாரோடு ஒரே வகுப்பில் படித்தவராக இருப்பார். அவருடைய கொழுந்தனுக்கு நான் படிப்பித்திருப்பேன். திருநெல்வேலிச் சந்தையில், நல்லூர்த் திருவிழாவில், கலியாண வீட்டுப் பந்தியில் நாங்கள் சந்திப்போம். ஆகவே நான் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன்: "வெளியில கண்டா நான் முதலில கதைக்கமாட்டன். நீங்கள் சிரிச்சாச் சிரிப்பன், கதைச்சாக் கதைப்பன். நீங்கள் காணாத மாதிரிப் போனால் நானும் அப்படியே போவன், கோவிக்கக் கூடாது." இதைக் கேட்டவுடன் பலருடைய தோள்கள் இறங்குவதைக் கண்டிருக்கிறேன். தேர்த் திருவிழாவன்று கூட்டத்துக்குள் என் கண்ணைப் பார்த்து, அடுத்த கணமே பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் என்மேல் வைத்த நம்பிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்றால், நான் பேசாமல் இருக்க முடியாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. எல்லையை முன்கூட்டியே சொல்லாமல், எல்லாம் கேட்டு முடித்த பின் "இதை நான் அறிவிக்க வேண்டும்" என்று சொல்வது ஒருவகை ஏமாற்று; அப்படி ஒரு பிள்ளையிடம் ஒரு தடவை நடந்துகொண்டு, அவளுடைய நம்பிக்கையை மீளப் பெற முடியாமற்போன என் சொந்த அனுபவத்திலிருந்துதான் இதைச் சொல்கிறேன்.

உயிர் பற்றிய கேள்வியை நேரே கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். நேரடியாகக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "சாக வேணும் எண்டு யோசனை வருகுதோ?" என்று, குரலைத் தாழ்த்தாமல், பதறாமல், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கப் பழக வேண்டும். சுற்றி வளைத்து, "அப்படி இப்படி ஒண்டும் யோசிக்கிறேல்லைத்தானே?" என்று கேட்டால், இல்லை என்று சொல் என்று நாமே கெஞ்சுவதாகிவிடும். 1995 அளவில் இலங்கையில் ஓராண்டில் ஒரு இலட்சம் பேரில் 47 பேர் வரை தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. மிகக் கொடிய பயிர் நஞ்சுகளின் இறக்குமதியும் விற்பனையும் தடுக்கப்பட்டதன் பின் அந்த வீதம் பெருமளவு இறங்கியது. செம்மண் தோட்டக்காரர் வீடுகளில் மருந்துப் போத்தல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று விசாரித்து, அதை வேறு ஒருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் செய்வதும் எங்கள் வேலை என்று நான் கருதுவதற்கு இதுதான் காரணம். அந்தக் கணத்தைக் கடக்க வைத்தால் பலர் வாழ்வார்கள். இரவில் எவரையும் அழைக்க முடியாதபோது, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்தே அனுப்புவேன்.

தன்னால் இயலாததை அறிந்து ஒப்படைப்பதும் திறனே. நாட்கணக்கில் உறங்காமல், இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொல்பவரை அறைக்குள் வைத்துக் கதைத்துக்கொண்டிருப்பது தவறு. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ போதனா வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். விசர் என்ற சொல்லுக்கு அஞ்சும் குடும்பத்தோடு முதல் நாள் நானும் கூடப் போவேன். அவர்கள் முதலில் சந்நிதி கோயிலுக்குப் போய் நூல் கட்டிக்கொண்டுதான் வருவோம் என்றால், கட்டிக்கொண்டு வரட்டும். நூலும் குளிசையும் ஒரே கையில் இருக்கலாம்.

எதிரே எப்படி இருப்பது என்பதற்கு ஜெராட் ஈகன் வகுத்த ஐந்து குறிப்புகள் எங்கும் படிப்பிக்கப்படுகின்றன: நேர்முகமாக இரு, கைகளைக் கட்டாதே, சற்று முன்சாய், கண்ணைப் பார், தளர்வாக இரு. நல்ல குறிப்புகள்தான். ஆனால் அறுபது வயது ஐயா ஒருவரின் கண்களை இருபத்தைந்து வயதுப் பெண் துணையாளர் நேர்முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் இருவருமே நெளிவார்கள். கதிரைகளைச் சற்றே சாய்த்துப் போட்டால் போதும்.

இந்த மண்ணில் துணையாளருக்கு உள்ள தனிச் சோதனை வேறொன்று. நாங்களும் அதே நெருப்புக்குள்ளால் வந்தவர்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்களோடு நானும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தேன். மழை, இருட்டு, ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம், கையில் என் கைக்குழந்தை. யாராவது அந்த இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என் உடம்பு அவருக்கு முன்னால் பாலத்தில் ஏறிவிடும். "எனக்கும் அப்படித்தான்" என்ற சொல் நாக்கின் நுனிவரை வரும். ஒரு தடவை சொல்லியும் விட்டேன். எதிரே இருந்த பெண் தன் கதையை அப்படியே நிறுத்திவிட்டு, "ஐயோ, உங்களுக்குமோ ரீச்சர்? பிள்ளைக்கு ஒண்டும் ஆகேல்லையே?" என்று என்னை ஆற்றத் தொடங்கினார். அவருடைய நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவர் அந்தப் பாலத்தில் தன் தகப்பனைத் தவறவிட்டவர் என்பதை அடுத்த மாதம்தான் அறிந்தேன். ஒத்துணர்வு என்பது என் பாலத்தை நினைத்துக்கொண்டு அவருடைய பாலத்தைக் கடப்பது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அவருடைய பாலத்தில் வேறு மழை பெய்தது.

ஆகவே என் பாலத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு ஓர் இடம் வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை நாங்கள் ஆறு பேர், மூத்த துணையாளர் ஒருவர் முன்னிலையில், பெயர்கள் சொல்லாமல் எங்கள் தவறுகளையும் எங்களுக்குள் எழுந்தவற்றையும் கதைக்கிறோம். மேற்பார்வை என்ற சொல்லைக் கேட்டால் கல்வித் திணைக்கள அதிகாரி கொப்பி பார்க்க வருவது போல இருக்கும். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலங்கள் இல்லாவிட்டால் நான் இந்த வேலையை எப்போதோ விட்டிருப்பேன். அன்றைக்கு எட்டு மாதம் வராத அம்மாவைப் பற்றி நான் அழுததும் அங்கேதான். தன்னைக் கேட்க ஒருவரும் இல்லாதவர் பிறரைக் கேட்டுக்கொண்டே இருந்தால், சில வருடங்களில் கேட்பது போல முகத்தை வைத்துக்கொள்ளப் பழகிவிடுவார். துணைநாடிகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அந்த அம்மா இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். படலைப் பூட்டின் விடயத்தை மருமகனோடு மூவருமாக இருந்து கதைத்தோம். வீட்டுக் கதவைப் பூட்டுவது, படலையைச் சாத்தி மட்டும் வைப்பது என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். தலையிடி முற்றாக நிற்கவில்லை. சென்ற தடவை வந்தபோது பேரன் பெரியவனாகிவிட்டான், அவனுக்குப் பழைய சைக்கிளை எண்ணெய் விட்டுத் திருத்திக் கொடுத்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எந்தச் சைக்கிள் அம்மா?"

"அவன் ஓடின சைக்கிள்."

முன்பெல்லாம் 'அவன்ர சைக்கிள்' என்றே சொல்வார். ஓடின என்ற சொல்லை அவரும் கேட்டார் என்று நினைக்கிறேன். சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றத் தொடங்கினார். நான், "ஓடின சைக்கிள்" என்று மட்டும் சொன்னேன். வெளியே மாமரத்தில் அணில்கள் சத்தமிட்டன. தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை படர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தின் பின் அவர் கோப்பையை எடுத்து, ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, முழுவதையும் குடித்தார். காங்கேசன்துறைப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான் சந்திவரை கூட நடந்தேன்.